விரல் எந்தப் பக்கம்

கையை இறுக்க மூடி, அரிசி மாவுக் கரைசல்ல தொட்டு, சுண்டுவிரல் பக்கத்தைத் தரையில ஒரு அழுத்து அழுத்தி எடுத்தா ஒரு பாதம். விரல் நுனியால அஞ்சு பொட்டு வச்சா கால்விரல். வலது கைக்கு வலது கால், இடது கைக்கு இடது கால். இதுக்கு ஒண்ணும் பெரிய படிப்பு வேண்டாம், முட்டி மட்டும் நல்லா இருந்தாப் போதும், எனக்கு அதுதான் இல்ல. கேட்டுல இருந்து ஆரம்பிச்சு, வராந்தா, ஹால், அப்புறம் அடுப்படியில இருக்கிற சாமி அலமாரி வரைக்கும் கண்ணன் நடந்து வரணும். வருசா வருசம் வர்றான். வந்து சீடையைத் தின்னுட்டு அப்படியே போயிருவான், மறுநாள் நான்தான் தரையைத் துடைக்கணும். இந்த மொசைக் தரையில வெள்ளை சரியா எடுக்காது, மாவைக் கொஞ்சம் கெட்டியாக் கரைச்சாத்தான் உண்டு, கெட்டியாக் கரைச்சா காயுறதுக்குள்ள கால்ல ஒட்டும். அதனால எங்க வழக்கம் என்னன்னா வாசலைப் பார்த்து உட்கார்ந்துக்கிட்டு, போட்டுப் போட்டுப் பின்னாலயே நகர்ந்து வீட்டுக்குள்ள வர்றது. அப்பத்தான் போட்டதை மிதிக்காம இருக்கலாம். ஒவ்வொரு நகர்வுக்கும் முட்டி ஒரு தடவை திட்டுது. அவரு வெண்ணெய் வாங்கப் போயிருக்காரு. கேட்டுல நின்னு, செருப்பை மாட்டிக்கிட்டே சொல்லிட்டுப் போனாரு: "வந்ததும் ஒரு பதில் சொல்லிரணும் நவநீதம். பிளாட்டுக்கார அம்மா சாயங்காலம் வரைக்கும்தான் வேற ஆளுக்கு வீட்டைக் காட்டாம வச்சிருக்கேன்னுச்சு." நான் மாவைக் கலக்கிக்கிட்டே இருந்தேன். அவரு கேட்டைச் சாத்திட்டுப் போயிட்டாரு. சரின்னு சொன்னா இந்த வீட்டைக் காலி பண்ணணும். சரின்னு சொல்லலைன்னாலும் காலி பண்ணத்தான் வேணும், ஹவுஸ் ஓனர் ராஜாமணி சார் பாவம் எத்தனை தடவைதான் தயங்கித் தயங்கிக் கேட்பாரு, மகன் மஸ்கட்ல இருந்து வந்து இடிச்சுக் கட்டப்போறானாம். அவங்க மகன் வர்றான். வரட்டும், நல்லா இருக்கட்டும். எங்க மகன் வந்தா எங்க வருவான்? இந்தக் கேட்டுக்குத்தானே வருவான். இதை நான் வாயால சொல்லிட்டா அவரு முகத்தை வேற பக்கம் திருப்பிக்கிறாரு. அதனால சொல்றதில்ல.

நேத்து பதினொண்ணாம் வகுப்புல பிரவீணா எந்திரிச்சுக் கேட்டா, "மிஸ், வெஸ்டிஜ்னா என்ன மிஸ்?" பாடத்துல இல்லாத வார்த்தை. எங்கயோ போட்டித் தேர்வுப் புத்தகத்துல பார்த்திருக்கா. நான் பாட்டுக்கு மிச்சம்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம். எச்சம்னு சொன்னேன். சொன்னதும் கடைசி பெஞ்சுல ஒரே சிரிப்பு, அதுகளுக்குக் காக்கா எச்சம்தான் தெரியும். சிரிக்கட்டும்னு விட்டுட்டேன். அப்புறம் அதுகளுக்குச் சொன்னேன், ஒண்ணு முன்னால இருந்து, இப்ப இல்லாமப் போயி, ஆனா இருந்ததுக்கு அடையாளமா கொஞ்சூண்டு மட்டும் தங்கியிருந்தா, அந்தக் கொஞ்சூண்டுக்குப் பேரு வெஸ்டிஜ். சுவரு இடிஞ்சு போச்சு, அடிக்கல்லு மட்டும் கிடக்குன்னா அது. பிரவீணா விடமாட்டா. "அப்ப முழுசா இல்ல, ஆனா இல்லாமலும் இல்ல, அப்படித்தானே மிஸ்?" ஆமாடின்னேன். ஸ்டாஃப் ரூமுக்கு வந்து பெரிய அகராதியை எடுத்துப் பார்த்தேன், ஏன் பார்த்தேன்னு தெரியல, முப்பது வருசமா இங்கிலீஷ் நடத்துறவளுக்கு ஒரு வார்த்தை வாயில ஒட்டிக்கிச்சுன்னா அதோட ஊர் பேரு தெரியாம தூக்கம் வராது. லத்தீன்ல வெஸ்டிஜியமாம். அப்படின்னா காலடித் தடம். உள்ளங்கால் தரையில பதிஞ்ச அச்சு. அவ்வளவுதான், மிச்சம் மீதியெல்லாம் பின்னால வந்த அர்த்தம். முதல்ல ஒருத்தன் ஈர மண்ணுல நடந்து போயிருக்கான், அந்தக் குழிக்குத்தான் அந்தப் பேரு. நம்ம சுவடும் அப்படித்தானே, எதுக்குப் போயி எச்சம்னு சொன்னேன். லத்தீனுக்கு முன்னால அது எங்க இருந்து வந்ததுன்னு தேடினா, தெரியவில்லைன்னு ஒரே வார்த்தையில முடிச்சிருக்கான். காலடித் தடத்துக்கு வச்ச பேருக்கே தடம் கிடைக்கல. அகராதி எழுதினவனுக்கு இது ஒரு விசயமாவே இருந்திருக்காது, எழுதிட்டு டீ குடிக்கப் போயிருப்பான். எனக்குத்தான் அந்தத் தெரியவில்லை மேல கண்ணு நின்னு போச்சு. அந்த வார்த்தையை இதுக்கு முன்னாலயும் படிச்சிருக்கேன்ல, தமிழ்ல, டைப் அடிச்சு, முத்திரை குத்தி.

வலது கால் போட்டாச்சு. இடது. வராந்தா முடியப்போகுது. அகராதியில அதே இடத்துல கீழ இன்னொரு வார்த்தையும் போட்டிருந்தான், இன்வெஸ்டிகேஷன். அதுக்கும் அதே வேராம். தடத்தைப் பிடிச்சுக்கிட்டே போறது. வேட்டைக்காரன் மாதிரி குனிஞ்சு குனிஞ்சு ஒவ்வொரு காலடியா பார்த்துக்கிட்டுப் போறதுதான் இன்வெஸ்டிகேஷன். எங்க மகனைத் தேடின அந்த இன்ஸ்பெக்டர் நல்ல மனுசன், நான் குறை சொல்ல மாட்டேன். முதல் நாளே உட்காரச் சொல்லி, டீ வரவழைச்சு, "என்ன செருப்பும்மா போட்டிருந்தான்?"னு கேட்டாரு. சட்டையைக் கேட்பாரு, பேண்ட்டைக் கேட்பாருன்னு நான் அதையெல்லாம் நினைச்சு வச்சிருந்தேன். அவரு, என் வீட்டுக்காரரு, சொன்னாரு: "ரப்பர் செருப்பு சார். நீல வாரு. இடது வாரு பிஞ்சு ஊக்கு குத்தியிருப்பான்." எனக்கு அது தெரியாது. பெத்தவளுக்குத் தெரியாதது அவருக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு அன்னைக்கும் கேட்கல, அதுக்கப்புறமும் கேட்கல. போன அன்னைக்கு யது மத்தியானம் சாப்பிட்டான். ரசம் சாதம், அப்பளம். தட்டைக் கழுவி வச்சான், என்னைக்கும் கழுவ மாட்டான். போனைச் சார்ஜ் போட்டுட்டு, செருப்பை மாட்டிக்கிட்டு, இந்தா இந்தக் கேட்டைத் திறந்துக்கிட்டுப் போனான். நான் பேப்பர் திருத்திக்கிட்டிருந்தேன், கேட்டுச் சத்தம் கேட்டுச்சு, தலையைத் தூக்கல. அதுல ஒண்ணும் தப்பு இல்லைன்னு எல்லாரும் சொல்லிட்டாங்க, நானும் ஒத்துக்கிட்டேன், தினம் எத்தனை தடவை ஒரு பிள்ளை கேட்டைத் திறந்துட்டுப் போகும், ஒவ்வொரு தடவையும் யாரு தலையைத் தூக்கிப் பார்ப்பா. இருபது வயசு. காலேஜ்ல அரியர் கொஞ்சம் இருந்துச்சு, எந்தப் பிள்ளைக்குத்தான் இல்ல. ஒரு வாய்ச்சண்டை இல்ல, ஒரு கோபம் இல்ல, காதல் கீதல்னு ஏதாவது கிடைச்சாலும் பரவாயில்லைன்னு இன்ஸ்பெக்டர் அவன் போன் முழுக்கத் துழாவினாரு, ஒண்ணும் கிடைக்கல. கிரிக்கெட்டும் சிரிப்பு வீடியோவும். கடைசியில அவரே மாறுதல்ல போறதுக்கு முந்தி எங்களைக் கூப்பிட்டு அந்தப் பேப்பரைக் கொடுத்தாரு. தேடிப் பார்த்ததில் இருப்பிடம் தெரியவில்லை. "இது சும்மா ஒரு பார்மாலிட்டிம்மா, தேடுறதை விட்டுட்டோம்னு அர்த்தமில்ல"ன்னாரு. எனக்கு இங்கிலீஷும் தெரியும் தமிழும் தெரியும் சார், அர்த்தம் எனக்குத் தெரியும்னு சொல்ல வந்தேன். தேங்க்ஸ் சார்னு சொல்லிட்டு வந்தேன்.

முட்டி போதும்டிங்குது. ஹாலுக்கு வந்தாச்சு, இன்னும் பாதிதான். கொஞ்ச நேரம் இப்படியே சுவத்துல சாய்ஞ்சுக்கிறேன், கண்ணன் என்ன அவசரமாவா வர்றான். மாவு காய்ஞ்சு கையை இழுக்குது. பாதம்னாலே எனக்கு அந்த ஆஸ்பத்திரிதான் ஞாபகம் வருது, நல்ல நாளும் அதுவுமா அதை நினைக்கக் கூடாது, நினைக்கக் கூடாதுன்னா அதுதான் முதல்ல வந்து உட்காருது. வெளியூர்ல இருந்து போன், இப்படி ஒரு பையன், அடையாளம் தெரியல, வந்து பாருங்கன்னு. பஸ்ல போறோம், அவரு ஜன்னல் பக்கம், நான் இந்தப் பக்கம். அந்த இடத்துல துணி முகம் வரைக்கும் மூடியிருந்துச்சு, கால் மட்டும் வெளிய. எங்க யதுவுக்குக் கட்டைவிரலை விட அடுத்த விரல் நீளம். குழந்தையில எண்ணெய் தேய்க்கும்போதே பார்த்து, இவன் பொண்டாட்டியை அதிகாரம் பண்ணுவான்னு எல்லாரும் சிரிச்சாங்க. அந்தக் காலைப் பார்த்தேன். கட்டைவிரல்தான் நீளம். முகத்தைப் பார்க்காமலே இல்லைன்னு சொல்லிட்டேன். அப்ப எனக்குச் சந்தோசம் வந்துச்சு. ஆமா, சந்தோசம்தான், அதுக்கு வேற பேரு வச்சு என்ன ஆகப்போகுது. யாரு பெத்த பிள்ளையோ, கேட்பாரில்லாம கிடக்கு, நான் சந்தோசப்பட்டேன். வெளிய வந்து அவரு ரெண்டு டீ வாங்கினாரு. குடிச்சோம். அவரு சொன்னாரு, "இனிமே இந்த மாதிரி போன் வந்தா நான் மட்டும் போறேன்." அதுக்கப்புறம் அந்த மாதிரி போன் வரவே இல்ல. வராம இருக்குமா? ஆறு வருசத்துல ஒண்ணே ஒண்ணுதானா? வந்திருக்கும். இவரு போயிட்டு வந்திருப்பாரு. வந்து கையைக் கழுவிட்டு, இன்னைக்கு என்ன குழம்புன்னு கேட்டிருப்பாரு. எனக்கு எதையும் கேட்கத் தெம்பில்ல. ஒரு வயசுக்கு மேல கேள்வி கேட்கவும் உடம்பு வேணும் போல. பஸ் டிப்போவுல டைம் கீப்பரா இருந்த மனுசன், எந்த வண்டி எப்ப வரும், எப்ப போகும்னு சொல்றதே வேலை, வராத வண்டிக்கு எவ்வளவு நேரம் காத்திருக்கலாம், எப்ப அதைக் கணக்குல இருந்து எடுத்துரணும்னும் அவங்களுக்கு ஒரு வழக்கம் இருக்கும். எடுத்துட்டாரு போல. இல்லைன்னா அந்தப் பிளாட்டைப் போயிப் பார்ப்பாரா? நானும் கூடத்தான் போனேன். பைபாஸ் தாண்டி, மூணாவது மாடி, லிப்ட் இருக்கு, எனக்கு முட்டிக்கு நல்லது, காத்து வருது, தண்ணி வருது, அந்தம்மாவும் தங்கமான அம்மாதான், மாதுளம்பழம் உரிச்சுக் கொடுத்துச்சு. தரை பூரா வெள்ளை டைல்ஸ். பளபளன்னு. நான் அதையேதான் பார்த்துக்கிட்டிருந்தேன். வெள்ளைத் தரையில மாவுக் கால் எப்படித் தெரியும்? கேட்டா சிரிப்பாங்கன்னு கேட்கல. அது மட்டுமா, தெருப்பேரும் வேற, ஏரியாவும் வேற, கீழ ஒரு செக்யூரிட்டி, யாரு நீங்க, எந்த வீடுன்னு கேட்பான். எங்க பிள்ளை, பேரு சொல்லத் தெரியாம, அப்படியே திரும்பிப் போயிட்டான்னா? தாடி வளர்த்துக்கிட்டு, அழுக்குச் சட்டையோட வந்தான்னா உள்ள விடுவானா? இங்கன்னா கேட்டுக்குப் பூட்டே கிடையாது. ஆறு வருசமா கேட்டைப் பூட்டினதில்ல, திருடன் வந்தாலும் வந்துட்டுப் போகட்டும்னு. இதையெல்லாம் அவருகிட்ட சொல்லணும். சொல்லி என்ன. அவரு ஊம்னு கேட்டுக்கிட்டு, சாயங்காலமானா நடக்கப் போறேன்னு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போயிருவாரு, டாக்டர் நடக்கச் சொன்னாராம், நல்ல சாக்கு. இவருக்கு மனசு ஆறிருச்சு, எனக்கு ஆறல. ஆறினவங்க மேல எனக்குப் பொறாமையா இருக்கு, கோபமும் இருக்கு, ரெண்டையும் வச்சுக்கிட்டு ஒரே வீட்டுல தோசை வார்த்துப் போட்டுக்கிட்டிருக்கேன்.

எந்திரிச்சு மிச்சத்தைப் போடுவோம். வலது. அஞ்சு பொட்டு. இடது. அஞ்சு பொட்டு. அடுப்படி நிலைப்படி வந்துருச்சு. கேட்டுச் சத்தம். இந்தத் தடவை நான் தலையைத் தூக்கினேன், ஒவ்வொரு தடவையும் தூக்குறேன். அவருதான். கையில வெண்ணெய்ப் பொட்டலமும் நாவல்பழப் பையுமா, கேட்டைத் திறந்தவரு உள்ள கால் வைக்காம நிக்கிறாரு. ஈரமா இருக்கேன்னு யோசிக்கிறாருன்னு நினைச்சேன். "ஓரமா வாங்க, காய்ஞ்சிருச்சு"ன்னேன். வரல. தரையையே பார்த்துக்கிட்டு நிக்கிறாரு. முகம் ஒரு மாதிரி ஆயிருச்சு. அவருக்குச் சர்க்கரை வேற, மயக்கம் கியக்கமான்னு நிலையைப் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சேன். "என்ன நவநீதம், இப்படிப் போட்டு வச்சிருக்க?"ன்னாரு, மெதுவாத்தான். அப்பத்தான் நின்ன வாக்குல முழுசாப் பார்த்தேன். அடுப்படி நிலைப்படியில இருந்து கிளம்பி, ஹால் வழியா, வராந்தா வழியா, கேட்டைப் பார்த்து வரிசையா நடந்து போகுது. எல்லாக் காலும் வெளிய போகுது. வாசலைப் பார்த்து உட்கார்ந்து போடும்போது விரலை என் பக்கமா வைக்கணும், அப்பத்தான் உள்ள வர்ற மாதிரி வரும். கல்யாணமாகி வந்த வருசத்துல இருந்து போடுறேன், கை தன்னால வைக்கும். இன்னைக்கு அத்தனை பொட்டையும் வாசல் பக்கமா வச்சிருக்கேன். ஒண்ணு ரெண்டு இல்ல, கேட்டுல இருந்து அடுப்படி வரைக்கும். "தப்பாப் போட்டுட்டேங்க. ஏதோ நினைப்புல கவனிக்கல"ன்னேன். அவரு காதுல விழல போல. "நான் வீட்டைக் காலி பண்ணலாம்னு சொன்னதுக்கா?"ன்னாரு. "போகட்டும்னு நீயே அனுப்பி வச்சிட்டியா அவனை?" அவரு வாயில அவனைங்கிற வார்த்தையைக் கேட்டு எவ்வளவு நாளாச்சு. இல்லங்க, சத்தியமா இல்ல, கை மாறிப்போச்சுன்னு சொல்றேன், அவரு பொட்டலத்தைக் கேட்டுத் தூண்மேல வச்சுட்டு, வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, வராந்தாக் கொடியில கிடந்த துண்டை எடுத்துப் பக்கத்து வாளியில நனைச்சு, குனிஞ்சு துடைக்க ஆரம்பிச்சுட்டாரு. குளிக்கிற துண்டு. அவரு சொன்னது இவ்வளவுதான்: "இப்படி இருக்கக் கூடாது. இன்னைக்கு ஒருநாள் கூட இப்படி இருக்கக் கூடாது."

ஆறிப்போன மனுசன் இப்படித் துடைக்க மாட்டாரு. அடுப்படி வரைக்கும் துடைச்சிட்டு, மூச்சு வாங்க உட்கார்ந்து, "மாவு மிச்சம் இருக்கா?"ன்னாரு. கிண்ணத்தை நகர்த்தி வச்சேன். நான் போடுறேன், உங்களுக்கு வராதுன்னேன். உன் முட்டிக்கு இன்னொரு தடவை ஆகாதுன்னு அவரே கேட்டுல போயி உட்கார்ந்து கையை முக்கி அழுத்தினாரு. அவரு கை எவ்வளவு பெரிசு. ஒவ்வொண்ணும் பெரிய பெரிய காலா விழுகுது, கண்ணன் கால் மாதிரியே இல்ல. விரலை மட்டும் ஒவ்வொரு தடவையும் எந்தப் பக்கம்னு பார்த்துப் பார்த்து வைக்கிறாரு. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. "குழந்தை கால்ங்க, இவ்வளவு பெரிசாவா போடுவாங்க?"ன்னேன். அவரு நிமிர்ந்து பார்க்கல. "இருபத்தாறு வயசாச்சு, பெரிசாத்தான் இருக்கும்"னாரு. நான் அப்படியே பக்கத்துல உட்கார்ந்துட்டேன். அழுகைன்னு சொல்ல முடியாது, அழுகைக்கும் இப்ப தெம்பு பத்துறதில்ல, கண்ணு மட்டும் தன்பாட்டுக்கு ஓடுது. இத்தனை நாள் கேட்கணும்னு வச்சிருந்ததைக் கேட்டேன். "நாம போயிட்டா, அவன் இங்க வந்து நின்னா யாருங்க சொல்லுவா, நாம எங்க இருக்கோம்னு?" அவரு இன்னொரு காலைப் போட்டாரு. விரல் வச்சாரு. "டீக்கடையில சொல்லி வச்சிருக்கேன். அயர்ன்காரர்கிட்ட சொல்லியிருக்கேன். ஆட்டோ ஸ்டாண்டுல எல்லாருக்கும் தெரியும். பஸ் ஸ்டாண்டுல டைம் ஆபீஸ்ல இருக்கிறவங்களுக்கு அவன் போட்டோவும் புது அட்ரஸும் கொடுத்திருக்கேன். ராஜாமணி சார் மகனும் போன்ல, புது வீட்டுச் சுவத்துல எழுதி வைக்கிறேன்னுருக்கான்." எப்பன்னு கேட்டேன். "பிளாட்டைப் பார்த்துட்டு வந்த மறுநாளே"ன்னாரு. "நீ சம்மதிப்பியோ மாட்டியோன்னுதான் சொல்லல." நடக்கப் போறேன்னு தினம் போனது இதுக்குத்தான். டாக்டர் ஒண்ணும் சொல்லல. ஆறு வருசமா ஒரே வீட்டுக்குள்ள ரெண்டு பேரும் தனித்தனியா உட்கார்ந்து ஒரே கேட்டைப் பார்த்துக்கிட்டிருந்திருக்கோம்.

"அந்தம்மாவுக்குப் போனைப் போட்டு வர்றோம்னு சொல்லிருங்க"ன்னேன். அவரு கையைக் காட்டினாரு, மணிக்கட்டு வரைக்கும் மாவு. "நீயே சொல்லிரு." நான்தான் போட்டேன். அந்தம்மா உடனே எடுத்துருச்சு. சொல்லுங்க டீச்சர், என்ன முடிவு பண்ணீங்கன்னு கேட்டுச்சு. வர்றோம்மான்னேன். ரொம்ப சந்தோசம், பாலு காய்ச்ச நல்ல நாள் பார்த்துச் சொல்லுங்கன்னுச்சு, சாவி கீழ செக்யூரிட்டிகிட்ட இருக்கும்னுச்சு. அவன்கிட்ட வீட்டு ஆளுங்க விவரம் சொல்லி வைக்கணுமாம். "எத்தனை பேரு டீச்சர் இருப்பீங்க? நீங்களும் சாரும் மட்டும்தானே?" அவரு கை அந்தரத்துல நின்னுச்சு, என்னையே பார்த்தாரு. "மூணு பேரும்மா"ன்னேன். "மகன் வெளியூர்ல இருக்கான். எப்ப வந்தாலும் எதுவும் கேட்காம மேல அனுப்பச் சொல்லிருங்க." அதுக்கென்ன டீச்சர், சொல்லிடுறேன்னுச்சு அந்தம்மா. அவரு குனிஞ்சு அடுத்த காலைப் போட்டாரு.